அடைத்த வளை

கழிமுகத்தை ஒட்டிய காட்டுப் பாதையில் செங்காலி என்ற நண்டு பக்கத்து வளைக்காரியோடு இரை தேடிப் போனாள். மனசெல்லாம் வீட்டில்தான். நேற்றுத்தான் பழைய ஓட்டைக் கழற்றிய தங்கை, புது ஓடு இறுகாமல் வளைக்குள் மெத்தென்று படுத்திருந்தாள்.

“வளை வாயைச் சேற்றால் அடைத்தேனாடி?”

“நாலு தரம் போய்ப் பார்த்துட்டு வந்தாச்சு. சேறென்ன எழுந்து நடந்தா போயிடும்?”

“ஒரே ஒரு தரம்,” என்று செங்காலி திரும்பி ஓடினாள்.

அடைப்பு அப்படியே இருந்தது. மூச்சு விட்டுத் திரும்பியபோதுதான், ஈரச் சேற்றில் தன் கால்தடங்கள் பாதையிலிருந்து வளைவரை கோடு போட்டதுபோல் கிடப்பதைக் கண்டாள். அந்தக் கோட்டின்மேலேயே, குனிந்த தலை நிமிராமல், ஒரு கொக்கு நடந்து வந்தது.

செங்காலி வளையை மறைத்து நின்றாள்.

“பயப்படாதே அம்மா,” என்றது கொக்கு. “ஓடு இறுகிய உன்னை யார் தின்பார்கள்? கொஞ்சம் தள்ளி நில்.”