ஐந்து வாரம் பின்னால்

“பதினாலாவது வாரம். எலுமிச்சம்பழம் அளவு இருக்குமாம்” என்று புருஷன் செல்போனைப் பார்த்து வாசித்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்த வீடு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“அப்படின்னா கியர் ராடு குமிழ் சைஸ்” என்றார் மாமனார். லாரிப் பட்டறைக்காரர்; எந்தப் பழத்தைச் சொன்னாலும் அதை ஒரு வண்டிச் சாமானாக மாற்றினால்தான் அவருக்கு விளங்கும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ‘ஸ்டெப்னி’ என்று பேரும் வைத்துவிட்டார்.

மருமகள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் திரையில் இருந்தது பத்தொன்பதாவது வாரம். மாம்பழம்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, ஜாக்கி நழுவி மாமனாருக்குக் கால் முறிந்தது. கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் எதையும் தள்ளிப்போடவில்லை. அவள் லாரிக்கு சீட் தைப்பவள். அளவெடுக்கிற சாக்கில் பட்டறைக்கு வந்துபோனதில் வந்த வினை.

அதனால் ஞாயிறு தோறும் ஐந்து வாரம் குறைத்தே சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கும் இரண்டு பேர் மட்டும் போய்வந்தார்கள். துணைக்கு வரட்டுமா என்று மாமியார் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்த மாமியாருக்குத்தான் அவள் பயந்தாள். பட்டறையை நடத்துவதே அந்த அம்மாள்தான். “வேலை தெரியாதவனுக்குக் கத்துக்குடுக்கலாம், பொய் சொல்றவனை வச்சு என்ன பண்றது” என்று ஒரு மெக்கானிக்கை நின்ற நிலையில் வெளியே அனுப்பியவள். வந்து மூன்று மாதமே ஆன மருமகளை அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்த ஞாயிறு புருஷன் உளறிவிட்டான். “நேத்து உதைச்சுதும்மா. நான் கையை வச்சுப் பாத்தேன்.”

அடுத்த தெருவிலிருந்து வந்திருந்த நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவனுக்கு மூத்தவள், இரண்டு பெற்றவள், வாய் ஓயாதவள். “பதினஞ்சு வாரத்துலயா? என்னோடது ரெண்டும் அஞ்சு மாசம் தாண்டித்தான் அசையவே செஞ்சுது. வெறும் கேஸா இருக்கும்டா தம்பி.”

“கேஸ் இல்லக்கா, நிஜமாவே...”

“அப்போ கணக்கு இடிக்குதே” என்று அவள் விரலை மடக்க ஆரம்பித்தாள். இவள் வாயில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

“நீயும்தான் வயித்துல சீக்கிரமே உதைச்சே. இந்த வீட்டு மூத்ததுங்க எல்லாம் அவசரக் குடுக்கை” என்றாள் மாமியார். “உக்காந்து விரலை மடக்கினது போதும், தட்டை எடு.”

வாரங்கள் ஓடின. ஸ்டெப்னி ஹெட்லைட் அளவைத் தாண்டி ஏர் ஃபில்டர் அளவுக்கு வந்து சேர்ந்தது. வயிறு மட்டும் புருஷன் வாசித்த வாரத்துக்குக் கட்டுப்பட மறுத்தது.

“உள்ள ஒரு லோடா, ரெண்டு லோடா?” என்றாள் நாத்தனார்.

“பசி ஜாஸ்தி அண்ணி, அள்ளிப் போட்டுக்கறேன்” என்று மருமகள் சமாளித்தாள்.

முப்பத்தைந்தாவது வாரம் வாசித்த மறுநாள் வலி எடுத்தது. “ஐயோ, குறைமாசமாச்சே” என்று நாத்தனார் வாயில் அடித்துக்கொண்டாள். புருஷன் முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டான். மாமனார்தான் பாவம், நிஜமாகவே அழுதார்.

பிரசவம் சுகமாக முடிந்து எல்லாரையும் உள்ளே விட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “கண்ணாடிப் பெட்டியில எத்தனை நாளைக்கு வைக்கணும்மா?”

“பெட்டி எதுக்குய்யா?” என்று நர்ஸ் பேத்தியை அவர் கையில் கொடுத்தாள். “மூணே முக்கால் கிலோ. மாசம் நிறைஞ்சு பொறந்திருக்கு.”

நாத்தனார் குழந்தையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஏறி இறங்கத் தொடங்கியது. “கல்யாணம் ஆகி...”

“உங்கப்பா காலையிலேர்ந்து பட்டினி” என்று மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டாள். “அக்காளும் தம்பியும் கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடுங்க. கிளம்புங்க.” மூன்று பேரையும் ஏறக்குறைய வெளியே தள்ளினாள். நாத்தனார் வாசலைத் தாண்டும்போதும் விரலை மடக்கிக்கொண்டேதான் போனாள். பின்னாலேயே நர்ஸும் போனாள்.

மாமியார் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். மருமகளுக்கு உடம்பு நடுங்கியது. பெற்ற களைப்பில் இன்னொரு பொய்யை இழுத்துப் பிடிக்கத் தெம்பில்லை.

“அத்தை, நாங்க வாராவாரம் வாசிச்சது...”

“தெரியும். அஞ்சு வாரம் கம்மி. மொத வாரமே தெரியும்.”

“என்னை அனுப்பிடுவீங்களா?”

மாமியார் குழந்தையை அவள் பக்கத்தில் கிடத்தினாள். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, பட்டறையில் ஒருவரும் கேட்டிராத சன்னக் குரலில் சொன்னாள்:

“அஞ்சுக்கே இந்த நடுக்கமா? இப்ப விரல் விட்டு எண்ணிட்டுப் போறாளே, அவளுக்கு நான் ஒம்பது வாரம் குறைச்சேன்.”