அடுப்பில் ஒரு வாட்டர் பம்ப்

ஹேமாவின் சோறு பாதி வெந்து தரையில் இருக்கிறது. பானையை இறக்கிவிட்டு, அவள் புருஷன் அஜிதன் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் வாட்டர் பம்ப்பை எண்ணெய்ச் சட்டியில் போட்டு, வீட்டிலிருக்கும் ஒரே அடுப்பில் காய்ச்சிக்கொண்டிருக்கிறான். சூடேறினால்தான் தேய்ந்த பேரிங் கழலும். பொழுது சாய்ந்தபின் எதையும் தின்னாத ஜைனக் குடும்பம். அவன் மத்தியானமே சாப்பிட்டாயிற்று. கழனியிலிருந்து வந்த அவள் காலையிலிருந்து பட்டினி. ஜன்னலில் சூரியன் ராஜகிரி மலை உச்சியைத் தொடுகிறது. "இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?" "இன்னா அவசரம், பதமா காயணும்." சட்டிக்குள் பேரிங் ணங்கென்று விழுவது அவளுக்கும் கேட்கிறது. அவன் தீயை அணைக்கவில்லை, ஜன்னலையே பார்த்தபடி நிற்கிறான். மலைக்குப் பின்னால் கடைசி வெளிச்சமும் இறங்கியபிறகு, துணியால் பிடித்துச் சட்டியை மெல்ல இறக்குகிறான். "இந்தா, உன் அடுப்பு. இப்ப ஆக்கிக்கோ."