தூசி துடைத்த படம்

திரையில் விவசாயி தலைப்பாகையை உருவி வெறுங்காற்றை விளாசிக்கொண்டிருந்தார்.

கும்பகோணத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் மினி ஹால். முன்வரிசையில் குணசேகரன், புது வேட்டி மொடமொடக்க. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் என்று யாராவது அறிமுகப்படுத்தினால் அவருக்கு இப்போதெல்லாம் பிடிப்பதில்லை. 'திரைப்பட மீட்பாளர்' என்று கார்டே அடித்துவிட்டார்.

மீட்டது யூனுஸ் பாயின் பழைய இரும்புக் கடையிலிருந்து. டிராக்டர் உதிரிகளுக்கு அடியில் கிடந்த பிலிம் சுருள். கையால் வரைந்த பழங்காலக் கார்ட்டூன். தலைப்பும் இல்லை, ஒலியும் இல்லை. இருந்திருந்தால் குணசேகரனுக்கு இவ்வளவு பேச இடம் கிடைத்திருக்காது.

படம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். சென்னையில் ஸ்கேன் செய்து வந்து, ஒரு காலத்தில் டிடிபி சென்டர் நடத்திய மனைவி ஆனந்தவல்லியைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார். அவர் ஒவ்வொரு ஃப்ரேமாகத் துடைக்க, இவர் பின்னால் நின்று விட்டுப்போன புள்ளிகளைக் காட்டினார். வருடம் ஒன்று ஓடியது.

இது தூசிதானா என்று ஆனந்தவல்லி ஒரே ஒருமுறை கேட்டார். பிலிம் சுருளும் தூசியும் பற்றி முக்கால் மணி நேரம் வகுப்பு நடந்தது. அப்புறம் அவர் கேட்கவில்லை.

இன்று சென்னையிலிருந்து பேராசிரியர் சபரிநாதன் வந்திருக்கிறார். அவர் தலையசைத்தால் படம் ஜெர்மனியில் ஒரு விழாவுக்குப் போகும். கூடவே குணசேகரனும் போவார். கோட்டு தைக்கக் கொடுத்தாகிவிட்டது.

திரையில் விவசாயி குதித்தார், கும்பிட்டார், மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடினார். வயல் வட்டம் வட்டமாகக் காய்ந்து கருகியது. எதனால் என்றுதான் தெரியவில்லை.

நன்னிலத்தில் குணசேகரனின் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் கோவிந்தராசு, நாற்காலி நிரப்ப அழைக்கப்பட்டவர், பின்வரிசையில் மெச்சிக்கொண்டார்.

"அப்படியே புகையான் அடிச்ச வயலு."

புகையான். நெல்லின் தூரில் மொய்த்துச் சாறு குடிக்கும் கடுகளவுப் பூச்சி. வருடா வருடம் கோவிந்தராசு சொல்லிப் புலம்புவதுதான். குத்தகை நெல்லைக் குறைக்க ஒரு சாக்கு என்று குணசேகரன் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை.

இப்போது காதில் விழுந்தது. வேட்டிக்குள் வியர்த்தது.

படத்தின் வில்லன் கூட்டம் மொத்தத்தையும் துடைத்தாகிவிட்டது.

விளக்கு எரிந்தது. பேராசிரியர் எழுந்து கண்ணாடியைக் கழற்றினார். எதிரியையே காட்டாமல் ஒரு போரை வரைந்திருக்கிறான் இந்த அநாமதேயக் கலைஞன், என்ன துணிச்சல் என்றார். வெற்றிடம் என்றார், மௌனம் என்றார். பிறகு குணசேகரன் பக்கம் திரும்பி, அந்த வெற்றிடம் மூலத்திலேயே இருந்ததுதானே என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல ஒரு கணம் கிடைத்தது. அந்தக் கணத்தில் குணசேகரனுக்குக் கோட்டு ஞாபகம் வந்தது.

ஆமாம், அந்த வெற்றிடத்தைக் கலையாமல் காப்பாற்றத்தான் ஒரு வருடம் ஆயிற்று என்றார்.

பேராசிரியர் தலையசைத்தார். கைதட்டல். சால்வை.

குணசேகரன் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலி ஆனந்தவல்லி சால்வையின் மடிப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தார்.

"அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஆறு காலும் மீசையுமா இருந்துச்சுங்க, அழிக்க மனசு வரல. தனி ஃபைல்ல எடுத்து வெச்சேன். ஆளும் இல்லாம வயலும் இல்லாம அதுங்க மட்டும் என்னமா ஆடுது தெரியுமா? எம் பேர்ல அதே ஜெர்மனி விழாவுக்கு அனுப்பினேன். போன வாரமே எடுத்துக்கிட்டாங்க."