சுயபுத்தி

"இங்கிருக்கற நாப்பத்திரண்டு பேரும் ஓட்டுப் போட்டா நாடு என்னத்துக்காகும்? நீங்களே சொல்லுங்க அம்மணி."

சூலூருக்கு வெளியே இருந்த அந்த மனநலக் காப்பகத்தின் நர்ஸ் ஹாரிகாவிடம்தான் காளிச்சாமி இப்படிக் கேட்டார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலர். பூத்துக்கு வர முடியாதவர்களுக்குத் தபால் ஓட்டுப் பாரம் கொடுத்து, நிரப்பி வாங்குவது அவர் வேலை. இன்று கடைசி நாள்.

"ஹபீபுன்னிசா அக்காவுக்கு மட்டுமாவது குடுங்க சார். லிஸ்ட்ல பேர் இருக்குது. பூத்துக்கு அனுப்பலாம்னா, அவங்க அண்ணன் கையெழுத்து இல்லாம கேட்டைத் தாண்ட விடமாட்டாங்க. அவரு வந்தே பதினோரு வருசமாச்சு."

ஹபீபுன்னிசா வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயதில் முதல் ஓட்டு. பேனாவைக்கூடக் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

"இது எந்தத் தொகுதிங்க?"

"சூலூர் சார்."

"போன தடவை ஜெயிச்சது யாரு?"

சொன்னாள். எத்தனை ஓட்டு வித்தியாசம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அது காளிச்சாமிக்கே தெரியாது.

"யாரோ நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கறாங்க" என்றார்.

"பேப்பர் படிக்கிறேன் சார். புத்தி சரியில்லைன்னு கோர்ட்டு சொன்னாத்தான் ஓட்டு இல்லையாம். என்னை எந்தக் கோர்ட்டும் சொல்லல."

காளிச்சாமி ஹாரிகா பக்கம் சாய்ந்தார். "பாத்தீங்களா? சட்டம் பேசறாங்க. இந்த வியாதியோட குணமே அதுதானுங்க."

குரலை உயர்த்தினால் அதற்கும் ஒரு வியாதிப் பெயர் உண்டு என்பது ஹபீபுன்னிசாவுக்குத் தெரியும். இருபது வருடப் பழக்கம். வாயை மூடிக்கொண்டாள்.

"இப்பப் பேச்சே இல்லை. 'விருப்பமில்லை'ன்னு எழுதிக்கறேன்."

"சார், அநியாயம் பண்றீங்க!" என்றாள் ஹாரிகா.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. ஓட்டுங்கறது எவ்வளவு பெரிய பொறுப்பு? சுயபுத்தியோட போடோணுமில்லீங்களா?"

ஹபீபுன்னிசா எழுந்து உள்ளே போனாள். மறுபடி கேட்க இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது.

நாட்டுக்கு வரவிருந்த ஒரு கேட்டைத் தடுத்த நிறைவோடு காளிச்சாமி பைக்கைக் கிளப்பினார். கொடுக்க வேண்டியது இன்னும் ஒரே ஒரு பாரம்தான். அது அவர் வீட்டுக்கு.

மனைவி முத்தாத்தாள் கதவைத் திறந்தவள், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

"மாமாவுக்கா? அவருக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

"எதுக்கா? அப்பாவுக்கு எம்பத்தெட்டு வயசு. ஒரு எலெக்‌ஷன் உட்டதில்லை. உரிமையை உட்டுப்போட முடியுமா?"

உள்ளறைக் கட்டிலில் இருந்த அப்பாவின் கட்டைவிரலைத் தானே பிடித்து, மையில் தோய்த்து, பாரத்தில் அழுத்திப் பதித்தார்.

அப்பா விரலைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து, மரியாதையாகக் கேட்டார்:

"ஏனுங்க தம்பி, நீங்க யாரு ஊட்டுப் பையனுங்க?"