பாபுவுக்குப் பெண்

“பையன் அமெரிக்காவுல கீறான், பொண்ணு வீட்ல கீது. ரெண்டுக்கும் கதப் புஸ்தகம்னா உசுரு. இன்னும் இன்னா பொருத்தம் பாக்கணும்ன்றீங்க?” என்றாள் ரத்தினம்மா.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில், அப்பாவுவின் புத்தகக் கடையை ஒட்டி அவள் பூக்கடை போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே இரண்டு கல்யாணம் முடித்து வைத்துவிட்டாள். மூன்றாவதாக அவள் கண்ணில் பட்டவர்கள் ஏகாம்பரத்தின் மகன் பாபுவும், அப்பாவுவின் மகள் யமுனாவும்.

ஏகாம்பரம் நகரி பஸ் வருகிறதா என்று பார்த்தார். பாபு என்று ஒருவன் இருந்தால்தானே கல்யாணம் செய்து வைக்க.

நகரி கரண்ட் ஆபீஸில் குமாஸ்தாவான அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. மாயாஜாலக் கதை மேல் ஆறு வயதில் பிடித்த பைத்தியம் மட்டும் நாற்பத்தெட்டிலும் தெளியவில்லை. நகரியில் வாங்கினால் ஊர் சிரிக்கும். அதனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை திருப்பதிக்கு பஸ் ஏறி வந்து, மெட்ராஸிலிருந்து வரும் சிறுவர் கதைப் புத்தகத்தை வாங்கி, ஆபீஸ் ஃபைலுக்குள் மறைத்துப் படித்துக்கொண்டே திரும்புவார். பதினாறு வருடத்துக்கு முன், முதல் தடவை வாங்கியபோது, பையனுக்கா சார் என்று அப்பாவு கேட்டார். பக்கத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஏகாம்பரம் தலையை ஆட்டிவிட்டார். அந்த ஓர் ஆட்டலில் பிறந்தவன்தான் பாபு. பிறக்கும்போதே அவனுக்கு ஏழு வயது.

பிறந்தவன் சும்மா இருப்பானா? அப்பாவு விசாரிக்க விசாரிக்க வளர்ந்தான். எட்டாவது, பத்தாவது, இன்ஜினீயரிங் என்று ஒன்றிலும் பெயிலாகாமல் ஏறினான். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்த நேரம். நம் பிள்ளை மட்டும் மட்டமா என்று ஏகாம்பரமும் அவனை அனுப்பி வைத்தார். விசா கேட்காமல் அமெரிக்கா உள்ளே விட்டது அவன் ஒருவனைத்தான். அங்கே போயும் கதைப் பைத்தியம் தீரவில்லை, புத்தகம் மாதாமாதம் தபாலில் போகிறது என்று சொல்லி வைத்திருந்தார்.

அப்பாவுவுக்கு நாகலாபுரத்தில் யமுனா என்று ஒரே பெண். புதுப் புத்தகத்தின் கட்டைப் பிரித்ததும் முதலில் படிப்பது அவள்தானாம்.

“கதையில அந்தப் பேசும் மூக்குத்தி கடசில ஊமையாப் பூடுச்சே, யமுனா ரெண்டு நாளு சோறு துன்னல சார்” என்பார் அப்பாவு, மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டே. பாபுவும் போனில் அழுதான் என்பார் ஏகாம்பரம். அப்புறம் மூக்குத்தியைப் பேச விட்டிருக்கலாமா கூடாதா என்று ஒன்றரை மணி நேரம் வழக்கு நடக்கும். நகரி பஸ் இரண்டு போய்விடும். ஏகாம்பரத்துக்கு உலகத்தில் மனம்விட்டுப் பேச வேறு ஆள் கிடையாது. அந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் மீதி நாளெல்லாம் ஆபீஸுக்குப் போனார் என்றே சொல்லலாம்.

அடுத்த மாதம் அவர் வரும் சனிக்கிழமைக்கு முந்தின நாள், திருச்சானூர் கோயில் குளத்துப் படியில் ஜாதகமும் போட்டோவும் மாற்றிக்கொள்வது என்று ரத்தினம்மாவே நாள் குறித்துவிட்டாள். பூ தன் செலவு என்றும் சொல்லிவிட்டாள். அப்பாவுவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. பாவம், அமெரிக்க மாப்பிள்ளை என்றதும் சீர் செய்ய மலைக்கிறார் என்று ஏகாம்பரம் நினைத்துக்கொண்டார்.

அந்த மாதம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாபுவுக்கு ஒரு வெள்ளைக்காரியைக் கட்டி வைத்துவிடலாமா என்று யோசித்தார். சாமியாராக்கி விடலாமா என்றும் பார்த்தார். விமான விபத்து ஒன்றுகூட மனதில் வந்து போனது. வளர்த்த பாசம், அதற்குக் கை வரவில்லை. கடைசியில், கதை விடுவது வேறு, ஒரு பெண்ணை இல்லாத மாப்பிள்ளைக்காகக் காக்க வைப்பது வேறு என்று முடிவுக்கு வந்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். அதோடு சனிக்கிழமையும் போச்சு, அப்பாவுவும் போச்சு.

வெள்ளிக்கிழமை ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போய் இறங்கினார். ரத்தினம்மா இன்னும் வரவில்லை. குளத்துப் படியில் அப்பாவு தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பெரிய கவர். அதைப் பார்த்ததும் ஏகாம்பரம் வேகமாகப் படியிறங்கினார். அப்பாவு வாயைத் திறப்பதற்குள் கடகடவென்று ஆரம்பித்துவிட்டார்.

“அந்தக் கவர எங்கிட்ட குடுக்காதீங்க அப்பாவு. எனக்குப் புள்ளையே இல்ல. கல்யாணமே ஆவல. பதினாறு வருஷமா அந்தப் புஸ்தகத்த நான்தான் படிச்சிக்கினு கீறேன். மூக்குத்திக்காக அழுதது நான்தான். உங்க பொண்ணுக்கு நல்ல எடமாப் பாருங்க. என்னை மன்னிச்சிடுங்க.”

அப்பாவு, பிரித்துப் பார்க்கச் சொல்லி கவரை ஏகாம்பரத்தின் கையில் வைத்தார்.

உள்ளே ஜாதகமும் இல்லை, போட்டோவும் இல்லை. மறுநாள் கடையில் விற்பனைக்கு வைக்க வேண்டிய புதுக் கதைப் புத்தகம் இருந்தது. விரித்ததும் நடுப்பக்கத்திலிருந்து மூக்குப்பொடி உதிர்ந்தது.

“நானும் ஒண்டிக்கட்டதான் சார்” என்றார் அப்பாவு, தலையைக் குனிந்துகொண்டு. “அந்த ரெண்டு நாளு சோறு துன்னாதது நான்தான்.”