இழுத்துத் தைத்த இலை

“ஆறு மாசம் ஆச்சு. இன்னும் ஒரு இலை ஒழுங்கா வரலையே அம்மணி?”

துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நான்தான் கேட்டேன். பச்சைப் பட்டு ரிப்பனால் தைத்த இரண்டு இலைகள். ஒன்று இப்போதுதான் துளிர்த்ததுபோல் விளிம்பு சுருண்டு நின்றது. பக்கத்தில் இருந்தது, இழுத்த இழுப்பில் சுருங்கி, வெறும் காம்பாகக் கிடந்தது.

“போன வாரமும் இதே கதை, அதுக்கு முந்தின வாரமும் இதே கதை. உங்க டீச்சர் உன்னை இன்னும் விரட்டலையா?”

அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். துணியை என் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்தாள்.

“அவங்க விரட்ட மாட்டாங்க” என்றாள். “சாப்பாடு மூடி வச்சிருக்கேன். ஆற விடாதீங்க.” முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் படியிறங்கிப் போனாள்.

வகுப்பு முடிந்து திரும்பும்போது, தெருமுனையில், பின்பக்கமாக நகர்ந்த ஒரு லாரி. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் எனக்கு மிஞ்சிய கடைசி முகம், அந்த மடித்த உதடுதான். “நீங்க கேலி பண்றது அண்ணிக்கு என்ன புதுசா, அண்ணா?” என்று தங்கை தேற்றிப் பார்த்தாள். புதிதில்லை. அதுதான் உறுத்தியது. அழுகையை அடக்கிக்கொண்டே போய், அழுதுகொண்டே திரும்பி வந்திருப்பாளோ? கண் நிறைந்திருந்ததால்தான் லாரி தெரியவில்லையோ?

ரிப்பனில் பூ தைக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, “இந்த வயசுலயா?” என்றேன். நடுவில் ஒருநாள், டீச்சர் வேறு ஊருக்குப் போகிறார் என்றாள். பேப்பரிலிருந்து தலை தூக்காமல் “உம்” என்றேன். அவள் வகுப்பைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அவள் போன மூன்றாவது புதன்கிழமை, வகுப்புக்கு அவள் கிளம்பும் அதே நேரத்துக்கு நான் கிளம்பினேன். டீச்சரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தது.

மருந்துக் கடைக்கு மேலே மாடி அறை. நீள மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள், மடியில் ஃபிரேமும் ஊசியுமாக. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், புதிதாகச் சேர்ந்த பெண்ணை அதட்டிக்கொண்டிருந்தாள்.

“ரிப்பனைத் துணி மேல படுக்க வை. நுனியில ரிப்பனையே குத்தி ஊசியை இறக்கு. இப்ப மெதுவா இழு. மெதுவாடி! கிணத்துல தண்ணியா இறைக்கிற?”

“நூல்ல தைச்ச கை அக்கா, தானா இழுக்குது.”

“டீச்சர் இல்லையா?” என்று வாசலில் நின்றபடியே கேட்டேன்.

எல்லா ஊசிகளும் நின்றன. கண்ணாடிக்காரம்மாளின் குரல் இறங்கிப் போயிற்று. “டீச்சர் வர மாட்டாங்க சார். வீட்டுல யாரையாவது சேர்க்கணுமா? இப்போதைக்கு நாங்களே ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கறோம்.”

லீவு போலிருக்கிறது. அடுத்த புதன்கிழமை வந்துகொள்ளலாம் என்று திரும்பினேன்.

“இங்க பாரு” என்று முதுகுக்குப் பின்னால் அவள் குரல் மறுபடி கேட்டது. “இது சரி. இது தப்பு. ஒரே இழுப்பா இழுத்தா இந்தக் கதிதான்.”

திரும்பிப் பார்த்தேன். அவள் தூக்கிப் பிடித்திருந்தது, அன்று காலையில் என் கையில் இருந்த அதே துணி.

“அது என் பொண்டாட்டி தைச்சது.” கத்திவிட்டேன் என்பது, கீழே மருந்துக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. “அவளே போய்ச் சேர்ந்துட்டா. அவ தப்பைத் தூக்கிக் காட்டித்தான் இங்க பாடம் நடக்கணுமா?”

பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். நான் உட்காரவில்லை.

“உங்க டீச்சர்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். அவங்க இல்லாட்டி நீங்களாவது சொல்லுங்க. அன்னிக்குக் காலையில அவளைக் கண்டபடி கேலி பண்ணி அனுப்பினேன். டீச்சர் உன்னை இன்னும் விரட்டலையான்னு கேட்டேன். இங்க வந்து அழுதாளா?”

கண்ணாடிக்காரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்கு மேலே கண் கலங்கியது.

“அழுதாங்களா? வீட்டுல அடக்கின சிரிப்பை இந்த வாசல்ல வந்துதான் விட்டாங்க சார். ‘எங்க வீட்டுக்காரர் இன்னிக்கும் கண்டுபிடிக்கலடி’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க.”

“எதைக் கண்டுபிடிக்கல?”

“அந்த இலையை அவங்க வேணும்னேதான் இழுத்துத் தைச்சாங்க சார். புதுசா வர்றவங்களுக்குக் காட்ட.”

“அதை அவ எதுக்குக் காட்டணும்?”

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“பழைய டீச்சர் ஊரை விட்டுப் போனதுலேர்ந்து எங்க டீச்சர் அவங்கதான் சார். இப்பவும்.”