மரிசோலுக்குத் தெரியாத ஆள்

"டேய் குலம், ஏனடா கடைசி வாங்கில ஒளிச்சு இருக்கிறாய்? உன்ர லோயர் வந்திட்டா. எழும்பி வா!"

பேனாட் கையைப் பிடித்து இழுத்தான். குலசிங்கம் வாங்கை இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஊரை விட்டு வந்த எங்கள் ஆட்கள் நிறைந்த மல்வேர்னில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆடி மாதம். எல் சல்வடோரில் இருந்து அகதியாக வந்து, படித்து லோயராகி, எங்கள் சனத்தில் எத்தனையோ பேரின் அகதிக் கேஸை வென்று கொடுத்த மரிசோல், போன மாதம் மாகாணத் தேர்தலிலும் வென்றுவிட்டார். எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? மாலை, பொன்னாடை, வடை எல்லாம் தயார்.

குலசிங்கத்தின் கேஸை வென்றதும் அவர்தான். ஆனால் அவரிடம் மட்டும் அவன் சொன்ன ஒரு சங்கதி இருந்தது.

எட்டு வருஷத்துக்கு முந்தி ஊரில் ஆமி அவனைப் பிடித்து அடித்தது. ஒருநாள் தலையைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டு, போராளிகளைக் காட்டச் சொல்லி றோட்டோரம் இருத்தியது. அடி தாங்கமுடியாமல், வந்த பெடியன்களில் ஒருவனைக் காட்டிக்கொடுத்து அவன் தலையாட்டிவிட்டான். அந்தப் பெடியன் மூன்று மாதம் முகாமில் கிடந்து சாகாமல் வந்தது தெய்வச் செயல்.

அவன்தான் பேனாட். தலையாட்டியது யாரென்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

'அந்தப் பேனாட்டா இவர்?' என்று மரிசோல் ஒரு சொல் கேட்டால் போதும். பன்னிரண்டு வருஷச் சிநேகிதம் அதோடு சரி.

பேனாட் மைக்கும் கையுமாக அவனை அவர் முன்னால் நிறுத்தினான். இங்கிலீஷில் கேட்டான்:

"மேடம், நான் பேனாட். இவன் என்ர கூட்டாளி குலசிங்கம். உங்கட பழைய கேஸ். ஞாபகம் இருக்கோ?"

மரிசோல் பேனாட்டின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு குலசிங்கத்திடம் கையை நீட்டினார்.

"சந்தித்ததில் சந்தோஷம். மல்வேர்னுக்குப் புதிதாக வந்தவரா?"



"என்னடி இது, கேஸ் நடத்தின ஆளையே தெரியேல்லையாம்!" என்று முன்வரிசையில் இருந்த றீற்றா அன்ரி பக்கத்தில் இருந்தவளிடம் முகத்தைச் சுளித்தார்.

பேனாட்டுக்கு முகம் கறுத்துவிட்டது. மைக்கை மூடிக்கொண்டு தமிழில் பொரிந்தான்.

"பதவிக் கதிரை கிடைச்ச உடன ஆக்களை மறந்திட்டா பாத்தியே! அடுத்தமுறை வோட்டுக் கேட்டு வரட்டும். கதவே திறக்கமாட்டன்."

"விடடாப்பா" என்றான் குலசிங்கம். அவனுக்கு எட்டு வருஷமாக நெஞ்சில் ஏறி இருந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. அப்பாடா, மறந்தே போனார்! ஆயிரம் கேஸ் பார்த்த மனுஷிக்கு இவன் எங்கே ஞாபகம்? நல்லூர்க் கந்தனுக்கு நன்றி சொல்லிவிட்டு இரண்டு வடையை ஆசையோடு சாப்பிட்டான்.

கூட்டம் முடிந்தது. பேனாட் பொன்னாடைப் பெட்டியைக் காரில் வைக்கப் போயிருந்தான். எல்லோருக்கும் கை கொடுத்தபடி வந்த மரிசோல், வாசலில் தனியே நின்ற குலசிங்கத்தைக் கண்டதும் சுற்றிக்கொண்டு அவனுடைய வலப்பக்கம் வந்தார். ஆமி அடித்த அடியில் அவனுக்கு இடது காது செவிடு.

வலது காதருகே குனிந்து மெல்லச் சொன்னார்:

"உங்கள் பேனாட் நல்ல மனுஷர். அவரிடம் நீங்களாகச் சொல்லும்வரை, நான் உங்களைப் பார்த்ததே இல்லை."